பீமன் நின்றுபோன வாரம்

மாவு எதுவும் போடாத கிரைண்டர் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஜமக்காளத்தை விரித்து, ஒரு காதைத் தலையணையில் புதைத்து, இன்னொரு காதைக் கிரைண்டருக்குக் கொடுத்துவிட்டு, குலாம் முகம்மது கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தார்.

"என்னாங்க இது?" என்றாள் கடைக்குப் போய்த் திரும்பிய அவர் மனைவி ஜெய்னப். "அரிசி எங்க, உளுந்து எங்க?"

"ஒண்ணும் போடல."

"வெறுங்கல்ல ஓட்டினா கல்லு தேஞ்சி போயிடுமே!"

"தேயட்டும். ஒரு மணி நேரம் தூங்கிக்கறேன். இந்தச் சத்தம் கொஞ்சம் ஒத்து வருது."

ஜெய்னப் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. மனுஷன் தூங்கி நாலு நாள் ஆகிறது.

மற்றவர்களுக்குச் சத்தம் கேட்டால் தூக்கம் போகும். குலாமுக்குச் சத்தம் நின்றால் போகும். சரக்குக் கப்பலில் ஆயில்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர் அவர். வாலிப வயதில் இன்ஜின் ரூமுக்குள் இறங்கியவர், தலை நரைத்த பிறகுதான் மேலே ஏறி வந்தார். படுக்கையும் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே. அந்த இன்ஜின் 'தடக் தடக்' என்று அடித்துக்கொண்டிருக்கும் வரை, புயலே வந்தாலும் குறட்டை நிற்காது. ஆனால் நடுக்கடலில் இன்ஜின் நின்றதென்றால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம். கப்பலில் இருக்கிற அத்தனை பேரும் எழுந்து நின்றுவிடுவார்கள். ரிட்டயர் ஆனது குலாம்தான். அவர் உடம்புக்கு இன்னும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

உலகம் சுற்றியவராயிற்றே என்று யாராவது ஆசையாகக் கேட்பார்கள். "பாய், லண்டன் எப்படி இருக்கும்?"

"இன்ஜின் ரூம்ல சூடு கொஞ்சம் கம்மியா இருக்கும்" என்பார்.

அவ்வளவுதான் அவர் கண்ட லண்டன். கேப்டன் மேலேயிருந்து மணி அடித்துச் சொல்வார். கீழே ஓட்ட வேண்டும். மறுபடி மணி அடித்தால் நிறுத்த வேண்டும். எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்று இன்ஜின் ரூம் ஆள் கேட்பதில்லை. கேட்காமலே பழகிவிட்டால் வாழ்க்கையில் பாதித் தொல்லை இல்லை என்பது குலாமின் கட்சி.

ரிட்டயர் ஆனதும் சொந்த ஊரான சிங்காரப்பேட்டையில்தான் வீடு கட்டினார். சுற்றிலும் புளியமரம், நல்ல காற்று, பொட்டுச் சத்தம் கிடையாது. அந்த வீட்டில் அவர் கண் சிவந்து, கன்னம் ஒட்டி, பாதி ஆளாகிப் போனார். அப்போதுதான் ஓசூரில் தார்ப்பாய்க் கடை வைத்திருக்கும் மச்சினன் லால் பாஷாவைப் பார்க்க வந்தவர், வழி தெரியாமல் ஒரு ஃபேக்டரியின் காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் இரும்புத் தகட்டை அடிக்கும் பெரிய பிரஸ் ஒன்று 'தடக் தடக்' என்று அடித்துக்கொண்டிருந்தது. தொழிலாளிகள் அதற்கு வைத்த பெயர் பீமன். மூன்று ஷிப்டும் ஓடும். குலாம் அங்கேயே அடித்துப் போட்ட மாதிரித் தூங்கிவிட்டார். ஆள் செத்துவிட்டார் என்று பயந்து, வாட்ச்மேன் திம்மப்பன்தான் முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்பினான்.

அந்த மாதமே சுவரை ஒட்டின வீட்டுக்குக் குடிவந்தாயிற்று. எந்தக் குடித்தனமும் ஒரு மாதத்துக்கு மேல் நிற்காத வீடு அது. தலைமாட்டுச் சுவரில் கையை வைத்துப் பார்த்து, அது அதிர்வதைக் கண்டு பூரித்துப்போன ஒரே ஆளை வீட்டுக்காரி வெங்கடம்மாள் அன்றுதான் பார்த்தாள். அதிலிருந்து குலாம் குழந்தையைப் போலத் தூங்கினார். உடம்பு தேறித் தொப்பைகூட விழுந்தது.

போன திங்கட்கிழமை ஃபேக்டரியில் ஸ்ட்ரைக். பீமன் நின்றுவிட்டான்.

கிரைண்டர் வைத்தியம் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. எந்நேரமும் கிரைண்டர் ஓடும் வீடு என்றால் ஊர் என்ன நினைக்கும்? தெருப் பெண்கள் ஊறவைத்த அரிசியைக் குண்டானில் எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள்.

"மாவு அரைச்சுத் தர்றீங்களாமே, கூலி எவ்வளவுங்க?"

இல்லை என்று சொல்ல ஜெய்னப்புக்கு வாய் வரவில்லை. அவளும் அரைத்தாள், அரைத்தாள், கை ஓயும் மட்டும் அரைத்தாள். கடைசியில் ஒரு அண்டா உளுந்தோடு தெருவுக்கே ஃபியூஸ் போயிற்று.

"ஏமி பாய்!" என்று வெங்கடம்மாள் வந்து நின்றாள். "வீட்டு லைன்ல வியாபாரம் பண்றீங்க? லைன்மேன் வந்து என்னை இல்ல கேக்கறான்!"

"வியாபாரம் இல்லம்மா. தூங்கறதுக்குத்தான்."

"தூங்கறதுக்கு யாரானா மாவு அரைப்பாங்களா?"

கிரைண்டருக்குத் துணியைப் போட்டு மூடியாயிற்று. மறுநாள் குலாமுக்கு வேறு யோசனை உதித்தது. தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் டிரைவர் பக்கத்து இன்ஜின் பெட்டியை ஒட்டி ஒரு சீட் இருக்கிறது. சூடு, டீசல் வாடை, அதிர்வு, மேடுபள்ளத்தில் ஆட்டம். அல்லா அவருக்கென்றே செய்து வைத்த சீட். ஓசூரில் ஏறிக் கண்ணை மூடினால் கெலமங்கலம் போனது தெரியாது. தேன்கனிக்கோட்டையில் கண்டக்டர் கரியப்பன் தோளைத் தட்டுவான். திரும்புவதற்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு மறுபடி கண்ணை மூடுவார்.

பஸ்ஸில் போய்த் தூங்குகிறேன் என்று வீட்டில் சொல்ல வெட்கமாக இருந்தது. "பாஷா கடையில கொஞ்சம் ஒத்தாசைக்குப் போறேன்" என்று சொல்லிவைத்தார். பொய்தான். ஆனால் மூன்று நாளில் முகம் தெளிந்துவிட்டது. அத்தர் பூசிக்கொண்டு, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, காலையில் சந்தோஷமாகக் கிளம்புவார்.

மூன்றாம் நாள் திரும்பி வரும்போது, காட்டோரம் ஒரு ஒற்றை யானை ரோட்டின் நடுவில் வந்து நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, வாயில் விரலை வைத்து எல்லாரையும் பார்த்தார். பஸ்ஸில் கைக்குழந்தைகூட மூச்சு விடவில்லை. அந்த நிசப்தத்தில்தான் குலாம் விழித்துக்கொண்டார்.

"எவன்டா இன்ஜினை நிறுத்தினது!" என்று போட்டார் ஒரு சத்தம். இன்ஜின் ரூமில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் பேசிப் பழகிய தொண்டை அது. யானை காதை ஒருமுறை விரித்து, யோசித்துப் பார்த்து, கேழ்வரகுக் கொல்லைக்குள் இறங்கிப் போய்விட்டது.

பஸ்ஸே கைதட்டியது. கரியப்பன் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி எல்லா டீக்கடையிலும் சொன்னான். சாயந்தரத்துக்குள் சேதி குலாமின் வீட்டுக்கு அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. கூடவே லால் பாஷாவும் உட்கார்ந்திருந்தான்.

"வாங்க மச்சான்" என்றான். "என் கடையில வேலை எல்லாம் முடிஞ்சுதா?"

குலாம் ஜெய்னப்பைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள்.

"தினமும் தேன்கனிக்கோட்டைக்குப் போறீங்களாம். அத்தர் என்னா, இஸ்திரி என்னா! அங்க யாரு இருக்கறாங்க?"

"யாரும் இல்ல பாஷா. பஸ் ஸ்டாண்டவிட்டு வெளியிலயே போனதில்ல. போன பஸ்லயே திரும்பிடுவேன்."

"அப்புறம் எதுக்குப் போறீங்க?"

"தூங்கறதுக்கு."

"மச்சான், பொய்யாவது ஒழுங்காச் சொல்லுங்க. ஊர்ல கட்டில் இல்லாமலா தேன்கனிக்கோட்டை பஸ்ஸுக்குப் போறீங்க? வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் அக்காவைக் கிருஷ்ணகிரிக்கு சுக்ரா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். மருமகன் முன்னால வந்து பேசிக்கங்க."

சுக்ரா அவர்கள் மகள். மருமகன் முன்னால் இந்தப் பேச்சு போனால் தலை நிமிர முடியாது. அவர் கடலில் கழித்த வருஷமெல்லாம் தனியாகக் குடும்பம் நடத்தியவள் ஜெய்னப். இனி ஒரு நாளும் அவளைவிட்டு இருப்பதில்லை என்று சொல்லித்தான் கரை ஏறினார்.

"பாஷா, ஒண்ணு மட்டும் கேக்கறேன்" என்றார். "பீமன் ஓடட்டும். உன் கண்ணு முன்னாடியே இந்தக் கட்டில்ல படுத்துத் தூங்கிக் காட்டறேன். அப்பவாவது நம்புவியா?"

"ஓடட்டும், பாக்கலாம்."

ஜெய்னப் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "நான் நம்பறேங்க. ஆனா தெரு நம்பணுமே."

மறுநாள் காலை குலாம் ஃபேக்டரி வாசலுக்குப் போனார். ஸ்ட்ரைக் செய்பவர்கள் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தலைவன் செல்வம், பீமனை ஓட்டும் ஆள், திருநெல்வேலிப் பக்கத்துக்காரன்.

"செல்வம், எப்ப வேலைக்குப் போவீங்க?"

"என்ன சொல்லுதிய அண்ணாச்சி?" என்று அவன் காதோரம் கையைக் குவித்தான்.

"மிஷின் எப்ப ஓடும்னேன்!"

இரண்டு பேருமே கத்திப் பேசும் ஆட்கள். ரோட்டில் போனவர்கள் அடிதடி என்று நினைத்து சைக்கிளை நிறுத்தினார்கள்.

"ஒம்பது கோரிக்கை வச்சிருக்கோம்! எட்டைப் பேசித் தீத்துக்கிடலாம். மொதக் கோரிக்கைய மட்டும் விடவே மாட்டோம்!"

"அதைக் கொடுத்துட்டா?"

"அன்னைக்கே உள்ள போயிருவோம்லா!"

குலாம் நேரே மேனேஜர் ஜோதிமணியின் அறைக்குப் போனார். மேனேஜர் எழுந்து நின்று வரவேற்றார். "வாங்க பாய். புகை, சாக்கடை, லாரின்னு அக்கம்பக்கத்துல தினம் ஒருத்தர் சண்டைக்கு வர்றாங்க. எங்க மேல ஒரு புகாரும் சொல்லாத ஒரே மனுஷர் நீங்கதான். டீ சாப்பிடுங்க."

டீ வந்தது. குலாம் குறுக்கு வழி ஒன்றை முயன்று பார்த்தார். "சார், ஸ்ட்ரைக் உங்க பாடு. அந்தப் பெரிய மிஷினை மட்டும் சும்மா ஓட்டிவிடலாமா? வேலை நடக்கணும்னு இல்ல. சும்மா."

"சும்மா எதுக்குங்க ஓட்டணும்?"

"ஆள் வேணும்னா நானே வந்து எண்ணெய் போடறேன்."

மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. டீ கொண்டுவந்த ஆளுக்கு மட்டும் நன்றாகப் புரிந்தது. அரை மணி நேரத்தில் பந்தலுக்குச் சேதி போயிற்று: குலாம் பாய் கருங்காலி ஆகிவிட்டார், ஸ்ட்ரைக்கை உடைக்க மிஷின் ஓட்டப் போகிறார்.

சாயந்தரம் அவர் வீட்டு வாசலில் நூறு பேர் கூடிக் கோஷம் போட்டார்கள். "கருங்காலியே! வெளியே வா! கருங்காலியே! வெளியே வா!" தாளம் தப்பாமல், ஒரே கதியில், விடாமல் போட்டார்கள். ஜெய்னப் நடுங்கிப்போய் உள்ளே ஓடினாள். அங்கே குலாம் தலையணையைச் சன்னலோரம் போட்டு, வாயைத் திறந்துகொண்டு சுகமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"என்னாங்க, வையறாங்க! எந்திரிங்க!"

"இன்னும் கொஞ்ச நேரம் வையட்டும்" என்று அவர் புரண்டு படுத்தார்.

கோஷம் ஓய்ந்ததும் விழிப்பு வந்துவிட்டது. வெளியே போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். "செல்வம், என்னைத் தப்பா நினைச்சிட்டீங்க! உங்க மொதக் கோரிக்கையை நானே வாங்கித் தர்றேன்! நாளைக்கே!"

கூட்டத்தில் யாரோ "குலாம் பாய் வாழ்க" என்றார்கள்.

"அவங்க என்னா கேக்கறாங்கன்னு தெரியுமாங்க உங்களுக்கு?" என்றாள் ஜெய்னப், கதவைச் சாத்தியபடி.

"அது எதுக்கு எனக்கு? ஸ்ட்ரைக்குன்னா என்னமோ கேப்பாங்க. கொடுத்தா மிஷின் ஓடும். அவ்வளவுதானே?"

வியாழக்கிழமை காலை மேனேஜர் மேஜைக்கு முன்னால் குலாம் நிமிர்ந்து நின்றார். கப்பலில் தலைமை இன்ஜினியர் முன்னால்கூட அப்படி நின்றதில்லை.

"சார், அந்த மொதக் கோரிக்கையைக் கொடுத்துடுங்க."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "பாய், அது எங்களுக்கு எவ்வளவு சிரமம் தெரியுங்களா? எட்டையும் இப்பவே தர்றேன். அது ஒண்ணைத்தான் முதலாளி அநியாயம்ங்கறாரு."

"நியாயம் சார். ரொம்ப நியாயம்."

"நீங்களா சொல்றீங்க?"

"நானேதான் சொல்றேன்."

"சுவத்துக்குப் பக்கத்துல குடியிருக்கற நீங்களே சொல்றீங்களா? இத்தனை வருஷம் வாயே திறக்காத நீங்க?"

"மனுஷன் எத்தனை நாளைக்குத்தான் சார் பொறுப்பான்?" என்றார் குலாம். தூக்கமில்லாத கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்துவிட்டது. "இது தீரலைன்னா என் குடும்பமே பிரிஞ்சிடும் சார்."

மேனேஜர் ஆடிப்போனார். உடனே பெங்களூரில் இருந்த முதலாளிக்குப் போன் போட்டார். "சார், பக்கத்து வீட்டுப் பெரியவரே வந்து அழறாருங்க..." என்று ஆரம்பித்து நெடுநேரம் பேசினார். போனை வைத்தபோது முகம் மலர்ந்திருந்தது. "பாய், முடிஞ்சுது. நாளைக்கு மத்தியான ஷிப்டுக்குக் கேட்டைத் திறக்கறோம்."

அன்று சாயந்தரம் ஓசூர் அப்படி ஒரு ஊர்வலம் பார்த்ததில்லை. குலாமைத் தோளில் தூக்கிக்கொண்டு மேளத்தோடு தெருத்தெருவாகப் போனார்கள். செல்வம் அவர் கழுத்தில் ரோஜா மாலையைப் போட்டு, "எங்க குடும்பத்துக்கே உசுரு குடுத்திய அண்ணாச்சி!" என்று கட்டிக்கொண்டான். பிரஸ் ஷாப் ஆட்களின் மனைவிமார் ஜெய்னப்பின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வெங்கடம்மாள் ஃபியூஸ் விஷயத்தையே மறந்து ஆரத்தி எடுத்தாள். குலாமுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கப்பலில் இத்தனை வருஷம் இருந்தும் ஒருவரும் அவருக்கு மாலை போட்டதில்லை. இன்ஜின் ரூமுக்குள் மாலையோடு யார் இறங்குவார்கள்?

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, பிரியாணியும் முடிந்தது. வாசலில் லால் பாஷா கொண்டுவந்த வாடகைக் கார் நின்றது. ஜெய்னப்பின் டிரங்குப் பெட்டி நடையில் இருந்தது. லால் பாஷா ஒரு நாற்காலியை எடுத்துக் கட்டிலின் காலடியில் போட்டு, சாட்சி சொல்ல வந்தவன் மாதிரி உட்கார்ந்தான்.

"ஆரம்பிங்க மச்சான்."

குலாம் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து படுத்தார். தலைமாட்டுச் சுவரை ஒருமுறை ஆசையாகத் தடவினார். "கண்ணை மூடினா சாயந்தரம் அஸர் தொழுகைப் பாங்குக்குத்தான் எழுந்திருப்பேன். ஜெய்னப், பெட்டியைப் பிரிச்சுத் துணியை எல்லாம் உள்ள எடுத்து வை."

சங்கு ஊதியது. சுவருக்கு அந்தப் பக்கம் நூற்றுக்கணக்கான செருப்புச் சத்தம். சிரிப்பு, விசில், "வாழ்க" கோஷம். பிறகு அதெல்லாம் அடங்கியது.

குலாம் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

ஒரு காக்கை கரைந்தது. லால் பாஷாவின் நாற்காலி கிறீச்சிட்டது.

"இப்பத்தானே உள்ள போனாங்க" என்றார் குலாம், கண்ணைத் திறக்காமல். "பத்து நாளுக்கு மேல நின்ன மிஷின். எண்ணெய் போடணும், துடைக்கணும்."

"போடட்டும்" என்றான் லால் பாஷா.

சின்னச் சின்ன மிஷின்கள் எங்கோ தூரத்தில் ரீங்காரம் போட ஆரம்பித்தன. சுவர் அசையவில்லை. குலாம் ஒரு கண்ணைத் திறந்து ஜெய்னப்பைப் பார்த்தார். அவள் டிரங்குப் பெட்டியைப் பாதி திறந்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லால் பாஷா கார்ச் சாவியை விரலில் சுற்றத் தொடங்கினான்.

அப்போது வாட்ச்மேன் திம்மப்பன் கையில் ஒரு பெரிய மைசூர்பாகுப் பெட்டியோடு, முகமெல்லாம் பல்லாக உள்ளே வந்தான். "மேனேஜரும் யூனியனும் சேர்ந்து கொடுத்தனுப்பினாங்க பாய்!"

குலாம் எழுந்து உட்கார்ந்தார். "இனிப்பு இருக்கட்டும் திம்மப்பா. பீமன் ஏன் இன்னும் ஓடல?"

"என்ன சாமி, ஒண்ணும் தெரியாத மாதிரிக் கேக்கறீங்க? 'அந்தச் சத்தத்துல எல்லாருக்கும் காது போகுது, பீமனைக் கழட்டி எறிஞ்சுட்டுச் சத்தமே இல்லாத பிரஸ் வாங்கி வை'ங்கறதுதானே மொதக் கோரிக்கை. நீங்க போயி அழுதப்புறம்தானே மொதலாளியே ஒத்துக்கிட்டாரு! இனிமே ராத்திரி பகல்னு பாக்காம நிம்மதியாத் தூங்குங்க பாய்!"